நேரில் பார்த்தவர்கள்

நீங்கள் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காராமல் என் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டிருந்தால் நான் நேற்றே பேசியிருப்பேன். முகத்துக்கு முகம் உட்கார வைத்தால் யாரும் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். என் தொழிலில் இது அரிச்சுவடி. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். உங்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். தேநீருக்கு நன்றி.

நான் பணியிடப் பயிற்சியாளன். தொழிற்சாலையில் எல்லோரும் கோச் சார் என்பார்கள். இந்தத் தொழிலுக்கு வெளியே அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பாதிப் பேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கைதட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, உங்களுக்குள் ஒரு சிங்கம் தூங்குகிறது என்று அளந்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் சிங்கமும் தூங்கும், ஆளும் தூங்குவார். நான் ஒரு நாளும் யாரையும் கைதட்டச் சொன்னதில்லை. எந்த முறையையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன், அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று யாராவது சோதித்திருக்கிறார்களா எனத் தேடிப் படிப்பேன். படித்ததைச் செய்து பார்ப்பேன். செய்ததை ஒப்பிட்டுப் பார்ப்பேன். நான் செய்த எதிலும் அலட்சியம் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் தொழிற்சாலையில் சமையலறை சிங்க் செய்கிறார்கள். எஃகுத் தகட்டைக் கீழே வைத்து மேலிருந்து இரும்பு அச்சை இறக்கினால் ஒரே அமுக்கில் தகடு தொட்டியாகிவிடும். அந்த அச்சை டை என்பார்கள். மேல் டை ஒரு சின்ன லாரி கனம் இருக்கும். நடுவில் கை இருந்தால் இறங்காமல் தடுப்பதற்கு முன்பக்கம் ஒரு சென்சார் உண்டு. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். மனிதர்கள்தான் கெடுப்பார்கள். தகட்டைக் கோணலாகத் தள்ளுவார்கள், எண்ணெய் தடவ மறப்பார்கள், சென்சார் அடிக்கடி நிறுத்துகிறது என்று அதையே ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். அவர்களைத் திருத்தத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் படித்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சிறு குழுக்கள். தவறு நடந்த அடுத்த நிமிடமே அதைப் பற்றிப் பேச்சு. ஒருவர் வேலையை இன்னொருவர் கவனித்துச் சொல்வது. பலன் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. மேனேஜர் நல்ல பெண்மணி, மனதில் பட்டதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்.

“சார், உங்க கிளாஸ் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் தலையாட்டுறாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் போய்ப் பாத்தா எல்லாம் ஆவியாப் போயிடுது. நான் மேல என்னன்னு சொல்றது?” என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. பயிற்சி ஆவியாவது எங்கள் துறையின் பழைய வியாதி. எத்தனையோ பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் செய்ததெல்லாம் அந்த வியாதிக்கு மருந்து தேடியதுதான்.

பாட்டுக்காரர் விபத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். வேலை செய்யும்போது ஏதாவது மெட்டை முனகிக்கொண்டே இருப்பார், அதனால் அந்தப் பெயர். அன்று சென்சாரை அவரே ஏமாற்றி வைத்திருந்தார். கோணிய தகட்டைச் சரிசெய்யக் கையை நீட்டினார். டை இறங்கியது. பாட்டு நின்றது. அலறல் உடனே வரவில்லை. முதலில் அவர் கையை இழுத்துப் பார்த்தார், கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட துணியை இழுப்பது மாதிரி. மேல் டை ஏறியபோது நான்கு விரல்களும் பளபளப்பான புதுத் தொட்டியின் அடியில் தகட்டோடு தகடாகப் படிந்திருந்தன. அதைக் குனிந்து பார்த்த பிறகுதான் அலறினார்.

நானும் மனிதன்தான். வெளியே போய் வாந்தி எடுத்தேன். பல நாட்கள் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கூடத்தில் இரண்டு வரிசை இயந்திரங்கள் உண்டு. நடுவில் ஆளுயரத்துக்குத் தகடுகள் அடுக்கியிருந்ததால் அந்தப் பக்கத்து வரிசைக்கு எதுவும் தெரியவில்லை. சத்தம் கேட்டது, செய்தி வந்தது, அவ்வளவுதான். அவர்கள் நான்கு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பழையபடி ஆகிவிட்டார்கள். இந்தப் பக்கத்து வரிசை மாறிவிட்டது. யாரும் சென்சாரைத் தொடவில்லை. தகடு கோணவில்லை. பேச்சே இல்லை. கண்ணும் கருத்துமாக என்று எழுத்தில்தான் படித்திருப்போம், அதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வகுப்பு, ஒரே கோச், ஒரே மேற்பார்வை. ஒரு பக்கம் பார்த்தது, மறுபக்கம் கேள்விப்பட்டது. வேறு வித்தியாசமே இல்லை.

இப்படி ஒரு ஒப்பீடு ஆய்வு செய்பவனுக்குத் தானாக அமைவது அபூர்வம். அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் அதுதான் எனக்குக் குற்றமாகப் பட்டிருக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் கரைந்துவிட்டது. பாட்டுக்காரருக்கு வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். தினமும் அவர் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். பழகிய கண் எதையும் பார்க்காது.

நான் எடுத்த எடுப்பில் தவறான வழிக்குப் போகவில்லை. விபத்துப் படங்கள் போட்டுக் காட்டினேன். பிஸ்கட் தின்றுகொண்டே பார்த்தார்கள். ரப்பரில் ஒரு கை செய்து, உள்ளே சிவப்புச் சாயம் நிரப்பி, டைக்கு நடுவில் வைத்து அமுக்கிக் காட்டத் திட்டமிட்டேன். சுருட்டை என்று ஒருவன், தலைமுடியால் வந்த பெயர். அந்த ரப்பர் கையை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

“முதுகு சொறிய நல்லா இருக்கு கோச் சார். வீட்டுக்கு ஒண்ணு குடுங்களேன்,” என்றான்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவன் இயந்திரம் கூடத்தின் நடுவில் இருந்தது, நாலா பக்கமிருந்தும் தெளிவாகத் தெரியும். அது மட்டும்தான் காரணம்.

ஒரு தடவை நடந்ததை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. திரும்பவும் நடக்க வேண்டும், அதே பலன் வர வேண்டும். பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் என்பதால் எல்லா இயந்திரங்களின் சாவியும் என்னிடம் இருந்தது. என்ன செய்தேன் என்று உங்கள் போலீஸ்காரர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மதியத்துக்கு மேல் கவனிப்பு வகுப்பு வைத்தேன். போன தடவை பார்க்காத வரிசையை அழைத்து வந்து சுருட்டையின் இயந்திரத்தைச் சுற்றி அரைவட்டமாக நிற்க வைத்தேன். குள்ளமானவர்களை முன்னால் நிறுத்தினேன். சுருட்டையிடம் தகட்டைச் சரிசெய்து காட்டச் சொன்னேன்.

டை இறங்கியபோது அவன் கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. எலும்பு உடையும் சத்தத்தைச் சுள்ளி முறிவது போல் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடிப்பது போல் இருந்தது. முன்வரிசையில் நின்ற பெண்ணின் மூக்குக் கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. அவள் அதைத் துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் மயங்கி விழுந்தான். நான் சுருட்டையைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மயங்கியவனை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். அவன் பார்த்தது பாதிதான்.

பிறகு என் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டையின் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டியது நான்தான். மருத்துவமனையில், நான் இல்லையென்றால் உயிரே போயிருக்கும் என்றார்கள். சுருட்டையின் மனைவி என் காலில் விழுந்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எழுந்திரும்மா, என் கடமையைத்தானே செய்தேன் என்றேன். அது பொய்யில்லை.

பலன் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. மேனேஜர் என்னை அழைத்து, “என்ன சார் மாயம் பண்ணினீங்க? ரிஜெக்ட் ஆகுற தொட்டி அடியோட குறைஞ்சு போச்சு,” என்றார். வேறு தொழிற்சாலைகளிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். பயிற்சியாளர்கள் கூடும் பெரிய மாநாட்டில் பேச அழைத்தார்கள். எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். நேரில் பார்த்துக் கற்றல் என்றேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் தட்டச் சொல்லவில்லை.

இனி சின்னவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்னவன் என் மனைவியின் தம்பி. அவள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தொழிற்சாலையிலும் எல்லோருக்கும் சின்னவனாகிவிட்டான். பாட்டுக்காரர் விபத்துக்குப் பிறகு அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் வந்த பிறகுதான் வீட்டில் சத்தம் வந்தது. சாப்பிடும்போது நான் வகுப்பெடுப்பது போல் நடித்துக் காட்டுவான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு விரலைத் தூக்கி, “இதற்கு ஆய்வு இருக்கிறது,” என்பான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வீடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சுருட்டை விபத்து நடந்த நேரத்தில் அவன் அங்கே இல்லை. சரக்கு இறக்க வெளியே போயிருந்தான். அதனால் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அன்று காலையில் கூடத்துக்குள் வந்திருக்கிறான்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தட்டைக் கழுவ எழுந்தவன், போகிற போக்கில் கேட்டான். “மாமா, அன்னிக்குக் காலையில சுருட்டை அண்ணன் மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சு என்ன பாத்துக்கிட்டிருந்தீங்க?”

“என்னிக்கு?”

“அதான், அண்ணனுக்குக் கை போன அன்னிக்கு.”

“வழக்கமான செக்கிங்தான் மாப்ள.”

“அப்படியா,” என்றான். கொஞ்ச நேரம் குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “செக் பண்ணியும் அப்படி ஆயிடுச்சே மாமா. அதான் மனசு கேக்கல. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வேற மெக்கானிக் வச்சுப் பாக்கச் சொல்லலாமா?”

“சொல்லு, நல்ல யோசனை,” என்றேன். என் மனைவி அவனுக்குப் பால் காய்ச்சட்டுமா என்று கேட்டாள்.

இந்தப் பேச்சுக்கும் பிறகு நடந்ததற்கும் நீங்கள் முடிச்சுப் போடுவீர்கள் என்று தெரியும். நானாக இருந்தாலும் போடுவேன். ஆனால் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஆய்வு படிக்கிறவன் முதலில் கற்பது அதுதான். எனக்கு முன்னால் அப்போது ஒரு நியாயமான கேள்வி பாக்கி இருந்தது. பாட்டுக்காரரும் சுருட்டையும் சாதாரண ஆட்கள். எல்லோருக்கும் பிடித்த ஒருவருக்கு நேர்ந்தால், பார்த்தவர்கள் மனதில் அது இன்னும் ஆழமாக இறங்குமா, கரையாமல் நிற்குமா? இதைச் சோதிக்காமல் முறை முழுமையாகாது.

அந்த வாரமே வகுப்பு வைத்தேன். இந்தத் தடவை இரண்டு வரிசையும். பெரிய பிரஸ் இயந்திரத்தின் டையை எப்படிச் சுத்தம் செய்வது என்று சின்னவன் செய்து காட்ட வேண்டும். அதற்குத் தலையும் தோளும் உள்ளே போக வேண்டும். எல்லோரும் வந்துவிட்டார்கள். வாசலில் இருந்த பாட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து நின்றார். சின்னவனைப் பார்த்தால் எல்லோருக்கும் முகம் மலரும்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? மோட்டாரை மட்டும் அணைத்தான். மேல் டை இறங்கிவிடாமல் தாங்குக் கட்டையை இழுத்து நடுவில் நிறுத்தினான். அதை ஆட்டிப் பார்த்தான். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியை நீட்டி சென்சாரைச் சோதித்தான். விளக்கு எரியவில்லை. திரும்பவும் நீட்டினான். குனிந்து அதன் ஒயரைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும், சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே செய்தான். என் பாடத்தை ஒரு பிசகும் இல்லாமல் ஒருவர் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்படியென்றால் எதையும் நேரில் பார்க்காதவன்தானே உங்களிடம் நன்றாகக் கற்றிருக்கிறான் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஒரே ஒரு ஆளை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது.

அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். “மாமா, சென்சார் செத்துக் கிடக்கு. தானா போகல. யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க.”

எல்லோருக்கும் கேட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு மெதுவாக வடிந்தது. பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “நீங்களா மாமா?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவான் போலத்தான் கேட்டான்.

அத்தனை பேரையும் வேலையை நிறுத்தி ஒரே இடத்தில் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மேனேஜரிடம் எவ்வளவோ சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். மறுபடி கிடைக்காது. டை போல்ட் கழற்றும் நீண்ட ஸ்பானர் மேசைமேல் இருந்தது. அதை எடுத்து அவன் காதுக்கு மேலே அடித்தேன்.

அவன் விழவில்லை. யாரோ கூப்பிட்டது போல் அந்தப் பக்கம் திரும்பினான். இரண்டாவது அடியில் முழங்கால் மடிந்தது. என் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டான். “அக்கா,” என்றான். அக்காவிடம் சொல்லாதீர்கள் என்பதா, அக்காவைக் கூப்பிடுங்கள் என்பதா, தெரியவில்லை. வாயில் ரத்தம் நிறைந்துவிட்டதால் மேற்கொண்டு சொல்ல முடியவில்லை. மூன்றாவது அடி நெற்றியில். அப்போது எலும்பு உள்வாங்கியது ஸ்பானர் வழியாக என் கைக்குத் தெரிந்தது. பிடித்த பிடியை விரல்கள் அப்போதும் விடவில்லை. அதனால் இன்னும் சில அடிகள் தேவைப்பட்டன. பார்ப்பவர்களுக்கு மறைக்கக் கூடாதே என்று நான் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டேன். அவன் தலை இருந்த இடத்தைப் பார்த்து அந்த மூக்குக் கண்ணாடிப் பெண் ஒரு மாதிரி முனகினாள். மற்றவர்கள் அசையவில்லை. யாரும் மயங்கவும் இல்லை.

என்னைப் பின்னாலிருந்து பிடித்தது பாட்டுக்காரர். கட்டை விரல் மட்டும் மிஞ்சிய அந்தக் கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டு இறுக்கினார். பிடி பலமாகத்தான் இருந்தது. “போதும் சார், போதும் சார்,” என்று அழுதுகொண்டே சொன்னார். நான் திமிறவில்லை. வகுப்பு முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் ஒரு தவறுகூட நடக்கவில்லை. இயந்திரங்களையெல்லாம் நிறுத்திச் சீல் வைத்துவிட்டோம், அதனால்தான் என்கிறீர்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலையில் என் மனைவியை இங்கே அழைத்து வந்தீர்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தலை வாரியிருக்கவில்லை. வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள்.

“அத்தனை பேர் இருந்தாங்களே. ஏன் என் தம்பி?” என்று மட்டும் கேட்டாள்.

“நான் தேர்ந்தெடுக்கல. சீட்டுக் குலுக்கிப் போட்டேன், அவன் பேர் வந்துச்சு,” என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். சோதனைக்கான ஆளை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது, நம்மை அறியாமல் விருப்பு வெறுப்பு நுழைந்துவிடும், அதனால்தான் குலுக்கல் என்று அவளுக்கு விளக்கியிருப்பேன். நிற்கவில்லை.

உங்களிடம் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வாக்குமூலம் எழுதிக் கொடுப்பதென்றால் அரைகுறையாக எழுதக் கூடாது. கூடத்தில் எல்லோருக்கும் பிடித்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்கள் பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். முதலில் கிரேன் ஓட்டுபவர் பெயர் வந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி தெரிந்தது, அதனால் திரும்பப் போட்டுவிட்டேன். அடுத்ததாக அந்த மூக்குக் கண்ணாடிப் பெண். குலுக்கியது போதவில்லை என்று பட்டது. அதற்கடுத்தும் இரண்டு மூன்று பெயர்கள் வந்தன, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு குறை இருந்தது. நான் பொறுமையானவன். முறை சரியாக இல்லாத எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். சின்னவன் பெயர் வந்தபோதுதான், இப்போது நன்றாகக் கலந்திருக்கிறது என்று எனக்குத் திருப்தி ஏற்பட்டது.